ஒரு ராத்தல் கம்மி

என் மாமாவை விறகுத் தராசில் உட்காரவைத்து எடைபோட்ட குடும்பம் எங்களுடையது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் அதை விளையாட்டாகச் செய்யவில்லை.

அப்போது நாங்கள் பெங்களூரில் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்தில் ‘நாடு முன்னேறுகிறது’ என்று படம் வரையச் சொன்னால் வகுப்பு மொத்தமும் புகைபோக்கிதான் வரையும். வேறு எதை வரைவது? எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டேயிருந்தது. அப்பா சேர்ந்த காலத்தில் கேட்டருகே சும்மா நின்றவனைக்கூடக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

அம்மாவின் தம்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். ஒரு பகல் பயணத்தில் போய்விடலாம். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அங்கே எந்தக் கட்டடமும் எழும்பவில்லை, மழையும் எட்டிப்பார்க்கவில்லை. எங்கள் பக்கம் மேலே மேலே கட்டினார்கள் என்றால், அவர்கள் பக்கம் கிணற்றைக் கீழே கீழே தோண்டினார்கள். மாமாவுக்கு ஒரே பெண். அவளும் நானும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்.

தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா கடிதம் போட்டார். மாமா வந்து இறங்கினார். வேலை கிடைத்தால் அத்தையையும் பெண்ணையும் அழைத்துவந்து இங்கேயே இருந்துவிடுவதாகப் பேச்சு. அம்மா அவசரக்காரி. எதிர்வீட்டுப் பின்பக்கத்து அறையை வேறு யாருக்கும் விடக்கூடாது என்று அன்றைக்கே சொல்லிவைத்துவிட்டாள். நானும் என் பங்குக்கு, பள்ளியில் என் பக்கத்து இடத்தை மாமா பெண்ணுக்காகச் சண்டைபோட்டுப் பிடித்து வைத்திருந்தேன்.

கைவேலைப் பரீட்சையில் மாமா தேறிவிட்டார். பாக்கி இருந்தது டாக்டர் பரீட்சை. நூறு ராத்தல் எடை இருந்தால்தான் எடுப்பார்கள். இரண்டு ராத்தல் சேர்ந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். அப்போது ரொட்டியிலிருந்து மனிதர்வரை எல்லாம் ராத்தல் கணக்குதான். அப்பா மாமாவைத் தெருக்கோடி விறகு டிப்போவுக்கு அழைத்துப்போனார். டிப்போக்கார சாயபு அவரைத் தராசுத் தட்டில் குந்தவைத்து, எதிர்த்தட்டில் இரும்புக் கல்லை ஏற்றினார். ஏழு ராத்தல் குறைந்தது.

“அரே, என்கிட்ட இருக்கிற சுள்ளிக் கட்டே உன்னைவிட கனமா இருக்குதே பாய்!” என்றார் சாயபு. மாமாவும் சேர்ந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமாவுக்குத்தான் ராஜ உபசாரம். காலையில் பால், மத்தியானம் நெய் விட்ட சோறு, அதன்மேல் ஒரு அவித்த முட்டை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பாள். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் முட்டை என் தட்டில் இருக்கும். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை. சொல்லும் குழந்தையா நான்! இரண்டு நாளைக்கு ஒருமுறை டிப்போவுக்குப் போவோம். பத்தாம் நாள் இன்னும் மூன்று ராத்தல்தான் பாக்கி.

“இதுபோதும், மீதியப் பழம் பாத்துக்கும்” என்றாள் அம்மா. எடைபோடும் மிஷினில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வயிறுமுட்ட வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிக்கொள்வது எங்கள் பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அதிலும் ஏலக்கிப் பழம் உதவாது, சின்னது. பச்சைப் பழம்தான் நிற்கும். அம்மா தடியான பச்சைப் பழமாகப் பார்த்து ஒரு டஜன் பொறுக்கிப் பையில் போட்டாள்.

“கேட்டுக்கிட்ட நின்னு பன்னெண்டையும் தின்னுடு. மேல ரெண்டு சொம்பு தண்ணி. நேரா போய் மிஷின்ல ஏறு. நடுவுல ஒண்ணுக்கு கிண்ணுக்குன்னு ஒதுங்கினே, கொன்னுடுவேன்!”

டாக்டர் பரீட்சைக்குப் போய்விட்டு மத்தியானம் அப்பாவும் மாமாவும் சேர்ந்தே திரும்பினார்கள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு ராத்தல் கொறையுதாம்க்கா” என்றார் மாமா. “மிஷின்கிட்ட இருந்த ஆளு, ‘கம்மி இதே, ஹோகப்பா’ன்னு போவச் சொல்லிட்டாரு.”

அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கினாள். கனத்தது போலிருக்கிறது, பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஆறு பழம் இருந்தது.

“அடப்பாவி! ஆறு பழம்டா! இதையும் தின்னுத் தொலைச்சிருந்தா இந்நேரம் நீ உள்ள இருப்பியேடா!”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “ஆறு எறங்கிச்சுக்கா. ஏழாவது உரிக்கப்போறேன், பாப்பா நெனப்பு வந்துடுச்சி. பத்து நாளா பாலும் முட்டையும் நான் மட்டும் தின்னுகினு இருக்கேன். அதெல்லாம் ஊருக்கு எடுத்துகினு போவ முடியாது. இது முடியுமேன்னு… ஆறே போதும்னு நெனச்சிட்டேன்க்கா.”

அப்பா எழுந்து வெளியே போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அதை அந்தப் பையில் வைத்தார். “கொழந்தைக்குக் குடு மச்சான்” என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. எனக்கு மாமா ஊருக்குப் போவதே பிடிக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழத்துக்காக ஒருவர் வேலையை விடுவாரா?

“ஏன் மாமா, உங்க ஊர்ல வாழைப்பழமே விக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

மாமா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். “விக்கிறாங்கம்மா. சந்தையில கொலை கொலையாத் தொங்குது.”

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பழம் அங்கேயே விற்கிறது, இவருக்கு ஒரே பெண், வாங்கிக்கொடுக்க வேண்டியதுதானே? மாமா ரொம்ப நல்லவர், ஆனால் மகா கஞ்சர் என்று அன்றைக்கு அவர் மடியிலிருந்தபடியே முடிவுகட்டினேன்.