அகஸ்ரின் எடுத்த சுற்றிவளைப்பு

ரொறன்ரோவில் படம் எடுத்த அகஸ்ரினைப் பற்றிக் கேட்டால் சிரிப்பவர்கள்தான் அதிகம். நானும் சிரித்திருக்கிறேன். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவார். மாலையானால் மோர்னிங்சைட் தெருவில் இருந்த வீட்டின் நிலவறை, அந்தப் பேஸ்மென்ற்தான் அவருடைய ஸ்ரூடியோ. அந்தக் காலத்து ஹொலிவூட் முதலாளிகளைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு, தானும் அப்படி ஓர் ஆள் என்று நடப்பார். கதை, நடிகர், உடுப்பு, முடிவு எல்லாம் அவர் சொன்னபடிதான். வேறு படத்தில் நடிக்கக் கூடாதென்று எங்களிடம் கையெழுத்துக்கூட வாங்கினார். எங்களை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

இரண்டு வீடியோப் படங்கள் எடுத்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் காட்டினோம், சனம் கைதட்டியது. மூன்றாவதை அவர் முடிக்கவேயில்லை. அதைத் தொடங்கியது தொண்ணூற்று மூன்றில். ஊரில் ஆமி, அதாவது இராணுவம், வீடு வீடாகச் சுற்றிவளைத்து இளம் பெடியங்களைப் பிடித்த கதை.

"ஒத்திகை ஒண்டும் வேண்டாம். நடிச்ச பயம் எனக்குத் தேவையில்லை," என்றார்.

ஆமிக்காரனாக நடிக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் அதிகாரி அவர், சிப்பாய் நான். ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரரிடம் அனுமதி கேட்டார், பொலிசுக்கும் சொன்னார். அந்த மாடியிலிருந்த தமிழருக்கு மட்டும் சொல்லவில்லை.

"எங்கட சனம்தானே. பாத்தாலே விளங்கும்."

மாசி மாத ஞாயிறு, மத்தியானம். சீருடையோடு, சப்பாத்துச் சத்தம் அதிர நடைபாதையில் ஓடிக் கதவில் அடித்தோம், ஆமிக்காரர் பேசும் கொச்சைத் தமிழில் கத்தினோம். செந்தில்நாதன் கமெராவோடு பின்னால் வந்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பேக்கரியில் வேலை செய்யும் சச்சிதானந்தன், தனிக்கட்டை. எங்களைக் கண்டதும் உள்ளே ஓடினான். நாங்கள் போய்ப் பார்க்கும்போது பல்கனிக் கம்பிக்கு வெளியே, வெறுங்காலோடு நின்றான்.

அகஸ்ரின் காப்பாற்றத்தான் பாய்ந்தார். அவர் ஓர் அடி வைக்க, அவன் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தான். கீழே வெறும் சீமெந்துத் தரை.

"தம்பி, நான் அகஸ்ரின் அண்ணை. உது படமடா."

அவன் சீருடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் சீருடையோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அகஸ்ரின் தொப்பியை எறிந்தார். அவசரத்தில் பட்டன் கழலவில்லை. சட்டையைக் கிழித்தார், காற்சட்டையையும் கழற்றினார். உள்ளாடையோடு அந்தப் பனியில் முழங்காலில் நகர்ந்தார்.

"வா ராசா, உள்ளுக்கு வா," என்று அழுதார். எங்களையெல்லாம் அதட்டியே பழகிய மனுசன். ஒருவழியாக அவன் இடுப்பை எட்டிப் பிடித்தார். செந்தில்நாதன் கமெராவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான்.

உள்ளே விழுந்தவன் அகஸ்ரினின் காலைக் கட்டிக்கொண்டான்.

"அடிக்காதேங்கோ சேர். தம்பி கட்டிலுக்குக் கீழ இருக்கிறான்."

அந்த வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவனுடைய தம்பியை எண்பத்தேழில் ஊரில் ஆமி கொண்டுபோனது. பெடியன் திரும்பி வரவில்லை. ஒளிந்திருந்த இடத்தை யார் காட்டிக்கொடுத்தது என்று தாய் சாகும்வரை எல்லாரையும் கேட்டாள்.

அகஸ்ரின் எழுந்து அறைக்குள் போனார். குளிரில் வெடவெடத்தபடி, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க ஒருத்தரும் இல்லை ராசா," என்றார். "நீ ஒண்டும் சொல்லேல்லை."