டேப்பக்காவின் முதல் வண்டி

என் அக்காவை எங்கள் பக்கத்தில் எல்லோரும் டேப்பக்கா என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் திரையும் சோபா உறையும் தைப்பது அவள் தொழில். அளவெடுக்கும் டேப் அவள் கழுத்தை விட்டு இறங்காது. ஒரு தடவை பல் வைத்தியரிடம் போனபோதும் அது கழுத்திலேயே கிடந்திருக்கிறது. "என் வாயையா அளக்கப் போறீங்க?" என்று அவர் கேட்டாராம். "முதல்ல நீங்க அளந்து முடிங்க, அப்புறம் நான்" என்றாளாம் இவள்.

அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஐம்பத்தொரு வயதில் அவள் வாங்கிய முதல் காரில், அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, நான் ஒரு பொய்யை வைத்துப் பூசினேன். நான் டிங்கர். நசுங்கிய காரை நிமிர்த்துவதும், துருப்பிடித்த தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் பற்றவைப்பதும், அதன்மேல் பட்டி பூசித் தேய்ப்பதும் முப்பது வருடமாக என் பிழைப்பு. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அதுவரை அவள் துணி ரோலையும் பஞ்சு மெத்தையையும் திரைக் கம்பிகளையும் பஸ்ஸில்தான் கொண்டுபோவாள். கண்டக்டர்கள் அவளைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். "இது பஸ்ஸா, உங்க வீட்டுக் குடோனா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "குடோன்னா உக்கார இடம் இருக்குமே தம்பி" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போனவள் அவள்.

ஒரு மரக்கடைக்காரரின் குடோனுக்கு சோபா அளவெடுக்கப் போன இடத்தில்தான் அந்த வண்டியைப் பார்த்தாள். பழைய ஸ்டேஷன் வேகன். முன்னால் சாதாரணக் கார், பின்னால் ஒரு சின்ன அறையையே ஒட்டவைத்த மாதிரி நீளம். பதினோரு வருடமாக நகராமல் நின்று, பின்பக்கம் கோழிகள் முட்டையிடும் இடமாகிவிட்டிருந்தது. அக்கா விலை கேட்கவில்லை, இன்ஜின் ஓடுமா என்றும் கேட்கவில்லை. கோழிகளை விரட்டிவிட்டு உள்ளே ஏறி டேப்பை விரித்திருக்கிறாள். அன்று சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து சொன்ன முதல் வார்த்தையே, "ஏழடி மூணு அங்குலம்டா. பின் சீட்டை மடக்கினா ரோல் முழுசாப் படுக்கும்" என்பதுதான்.

"அது ஓடற வண்டி இல்லக்கா. இரும்புக்கடைக்குப் போக வேண்டியது" என்றேன்.

"உங்கிட்ட குடுத்தா ஓடும்" என்றாள்.

மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், குடிநீர்த் தொட்டியில் பம்பு ஓட்டுகிறவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். "இந்தக் காரு ஓடறதுக்குள்ள எனக்குக் கொள்ளுப்பேரன் பொறந்துடுவான்" என்றார். ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த அன்று முட்டைக் கூட்டையெல்லாம் பெருக்கிக் கழுவியது அவர்தான்.

ஏழு மாதம் வேலை நடந்தது. இன்ஜினை ஒரு மெக்கானிக் பிரித்துக் கோத்தார். உள்வேலை முழுதும் அக்காவுடையது. சீட்டுகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய உறையைப் பிரித்து அதையே அளவாக வைத்துப் புதிதாக வெட்டினாள். கரும்பச்சையில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட கெட்டித் துணி. ஒரு சீட்டின் கோடு அடுத்த சீட்டின் கோட்டோடு நேராகச் சேர வேண்டும் என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். பின்பக்கம் கத்தரிக்கோலுக்கு ஒரு பை, சாக்பீஸுக்கு ஒரு பை, கம்பிகளைக் கட்ட வார், மடக்கி விரிக்க ஒரு பலகை. போகிற இடத்திலேயே துணி வெட்டலாமாம். இதற்கு நடுவில் ஓட்டுநர் பள்ளிக்கும் போனாள். முதல் வாரம் ஒரு குப்பைத்தொட்டியை இடித்துவிட்டு வந்து, அது எவ்வளவு உள்ளே நசுங்கியது என்று அங்குலக் கணக்கில் சொன்னாள்.

மிஞ்சின துணித் துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி என் பட்டறையில் வைத்திருந்தாள். "கை துடைக்க வெச்சுக்கடா, வீணாக்காத" என்றாள்.

என் பங்கைச் சொல்கிறேன். கூரையையும் தரையையும் நன்றாகவே செய்தேன். கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு நீளப் பெட்டி மாதிரி தகரம் ஓடும். வண்டியின் பாரத்தை அதுவும் சேர்ந்துதான் தாங்குகிறது. ஜாக்கி வைத்துத் தூக்குவதும் அதன் அடியில்தான். அந்த வண்டியில் இரண்டு பெட்டிகளும் அப்பளம் மாதிரி நொறுங்கிப்போயிருந்தன. இடது பக்கத்தை முழுதாக வெட்டி, புதுத் தகரம் வளைத்துப் பற்றவைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. வலது பக்கம், அக்கா உட்காரும் பக்கம், பாக்கி இருந்தது.

அந்த வாரம் ஒரு கம்பெனியின் நான்கு வேன்கள் என் பட்டறைக்கு வேலைக்கு வந்தன. அவர்கள் ஆள் தினமும் இரண்டு தடவை வந்து, குனிந்து, டார்ச் அடித்து, கையில் காந்தம் வைத்துக்கொண்டு பார்ப்பான். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, வெறும் பட்டி என்று அவனுக்குத் தெரியும். என் நாளெல்லாம் அந்த வேன்களிலேயே போயிற்று. அக்காவுக்கு ஒரு விடுதியில் நாற்பது ஜன்னலுக்குத் திரை மாட்டும் வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை வண்டி வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அவளிடம் இன்னும் இரண்டு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், அந்த ஓட்டைப் பெட்டிக்குள் அடைக்க ஏதாவது வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தேன். துணி மூட்டை கண்ணில் பட்டது. பிடிபிடியாக அள்ளி உள்ளே திணித்தேன். அதன்மேல் பைபர் ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பார்த்தால் இடது பக்கத்தைவிட அழகாக இருந்தது.

யார் பார்க்கப் போகிறார்கள், அக்கா தானே. இதுதான் அப்போது என் மனதில் ஓடியது. இப்போது எழுதும்போதே காது சுடுகிறது.

திங்கட்கிழமை அவள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து மூடினாள். திரும்பவும் திறந்து மூடினாள். என் கன்னத்தைப் பிடித்து, "நீ தங்கம்டா" என்றாள். ஐம்பதை நெருங்குகிறவனின் கன்னத்தை, வேலைக்காரர்கள் எதிரில். பிறகு எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர், "யாரும்மா பண்ணாங்க?" என்று கேட்டார். "என் தம்பி பண்ணது" என்றாள். பெட்ரோல் போடும் பெண்ணிடமும் அதையே சொன்னாள். அந்தப் பெண் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஏறி இறங்கும்போது என் கால் தானாகத் தரையை அழுத்தியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

இரண்டு வாரத்தில் சர்வீஸ் என்று சொல்லி வண்டியைத் திரும்ப வாங்கி, சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். கூப்பிடவும் செய்தேன். "வேலை இருக்குடா, வண்டி குதிரை மாதிரி ஓடுது, எதுக்கு?" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "சரிக்கா, நேரம் கிடைக்கறப்ப வா" என்று வைத்துவிட்டேன். பிறகு எனக்கும் நேரம் கிடைக்கவில்லை என்று என்னையே நம்பவைத்தேன். அவள் அனுப்பிவைத்ததாகச் சொல்லிப் புது வாடிக்கைக்காரர்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். மாதம் நான்கு ஓடியது.

ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா பட்டறைக்குள் நடந்து வந்தாள். வண்டி இல்லை. கழுத்தில் டேப்பும் இல்லை. தோள்பையிலிருந்து எதையோ எடுத்து என் வேலை மேஜைமேல் வைத்தாள். கரும்பச்சைத் துணி, வெள்ளைக் கோடு, ஈரமும் துருவுமாக.

"பஞ்சர் ஆச்சு. ஸ்டெப்னி மாத்தலாம்னு மாமா ஜாக்கி வெச்சாரு. ஜாக்கி உள்ள போயிடுச்சு. வண்டி அப்படியே உக்காந்துடுச்சு."

"மாமாவுக்கு..."

"கையை அப்பதான் எடுத்தாரு. ஒண்ணும் ஆகலை." மேஜைமேல் கிடந்த துணியை விரலால் விரித்தாள். "வண்டிக்கு அடியிலேர்ந்து துணி துணியா வந்துது. முதல்ல எனக்கு என்னன்னே புரியலை. அப்புறம் கோட்டைப் பார்த்தேன்."

நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்கு நிற்பதும் உட்காருவதும் ஒன்றுதான்.

"அவசரத்துலக்கா... நீ திங்கக்கிழமை வேணும்னு சொன்னியே..."

"சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நாள் பஸ்ல போயிருப்பேன். இருவத்தெட்டு வருஷம் போனவதானே." அவள் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேற யார் வண்டின்னாலும் இப்படித்தான் பண்ணியிருப்பியா?"

பொய் சொல்ல நல்ல இடம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மேஜைமேல் அந்தத் துணி கிடந்தது.

"மாட்டேன்க்கா. அவங்கல்லாம் குனிஞ்சு பாப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "ஆமா. நான் குனிஞ்சு பாக்கலை."

அன்றே வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். நான் மூன்று நாள் ஆகும் என்றேன். மறுநாள் காலை பட்டறையைத் திறக்கும் முன்பே அக்கா வந்து வாசலில் நின்றிருந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வண்டியின் வலது பக்கம் உட்கார்ந்தாள். "நீ போக்கா, வேலை கெடும். நான் பாத்துக்கறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவள் தைக்கக் கொண்டுவந்திருந்த திரையின் ஓரத்தை மடித்து ஊசியைக் கோத்தாள்.

மூன்று நாளும் அப்படியே இருந்தாள். வெட்டின தகரத்தைக் காட்டு என்றாள், காட்டினேன். பற்றவைக்கும்போது கண் கூசும் என்று கறுப்புக் கண்ணாடி கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு, ஒரு அங்குலம் விடாமல் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது என்னையும் கூப்பிட்டாள். சாப்பிட்டோம். மாமாவின் முழங்கால் வலியைப் பற்றிக்கூடப் பேசினாள். பகையெல்லாம் இல்லை. பகையாக இருந்தால் சமாதானம் என்று ஒன்று பின்னால் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெயிண்ட் காய்ந்ததும், பையிலிருந்து ஒரு காந்தம் எடுத்தாள். ஊசி கீழே விழுந்தால் தேடி எடுக்க வைத்திருப்பது. தரையில் முட்டி போட்டு, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை அதை வைத்து வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் ஒட்டியது. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, இடது பக்கம் போனாள். அங்கேயும் முட்டி போட்டாள். அந்தப் பக்கம் நான் ஒழுங்காகச் செய்த பக்கம். சொல்ல வாயெடுத்தேன், எந்த முகத்தோடு சொல்வது என்று நின்றுவிட்டேன்.

வண்டியை வெளியே எடுத்தாள். பட்டறை வாசலில் நின்றிருந்த லாரிக்காரர் ஒருவர் ஆசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"அருமையா இருக்கும்மா. யாரு பண்ணாங்க?"

நான் இரண்டடி தள்ளிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கியரைப் போட்டாள்.

"இங்க ஒரு டிங்கர் இருக்காரு" என்றாள். "நல்லாத்தான் பண்ணுவாரு. பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணும்."