மேல்தட்டில் கிடந்த பெடல்

எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது. ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எண்ணிக் கொடுக்கிறவன் எல்லோரிடமும் பல்லிளித்தால் மாதக் கடைசியில் வெறும் அலமாரிதான் மிஞ்சும். அப்பேர்ப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவள் ஒருத்தி உண்டு. அவளை எல்லோரும் காலர் என்றுதான் கூப்பிடுவோம்.

சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் காலர் மட்டுமே தைத்தவள். அங்கே நூலும் ஊசியும் கொடுத்தவன் நான். ஒரு திங்கட்கிழமை கேட்டில் காகிதம் ஒட்டி ஆலையை மூடினார்கள். நானூறு பேர் தெருவில் நின்றோம். பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்று இந்த ஊருக்கு வரத் தயார் என்றது. ஆனால், மெல்லிய தகட்டை வெல்டிங் செய்யத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருக்க வேண்டுமாம். மாகாண அரசு எங்கள் பழைய இஸ்திரிக் கூடத்தையே பயிற்சி நிலையமாக மாற்றியது. நூல் கொடுத்த கையால் வெல்டிங் கம்பி கொடுக்க ஆரம்பித்தேன்.

கம்பெனி அதிகாரி மாதம் ஒருமுறை வந்து பரீட்சை வைப்பார். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, அவ்வளவுதான். மூன்றிலும் தோற்ற இரண்டு பெண்கள் ஏற்கெனவே வீட்டு வேலைக்குத் தலைநகரம் போய்விட்டார்கள். காலர் இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் அவளும் மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு அங்கேதான் போக வேண்டும். வேலைக்குப் போக வேண்டிய வீட்டின் முகவரிகூட வந்துவிட்டது.

கையைக் குறை சொல்ல முடியாது. கோடு நேராகத்தான் போகும், திடீரென்று தகடு ஓட்டையாகிவிடும். வெல்டிங் பிடியில் இருக்கும் ஸ்விட்சை அமுக்கினால் ஒரே சூடு, விட்டால் அணைந்துவிடும். அது போதாதென்று வலது காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். பயிற்சி கொடுக்கும் பையன் அவளைவிடப் பத்து வயது இளையவன். இந்த மெஷினில் எல்லாம் கைவேலைதான், காலைச் சும்மா வையுங்கள் அக்கா என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

மூன்றாவது பரீட்சைக்கு முதல் நாள், கம்பிக் கட்டு கொடுக்கப் போன நான் அவளுடைய காலைப் பார்த்தேன். அது சும்மா தட்டவில்லை. நேர்க்கோட்டில் அழுந்தியது, வளைவு வந்ததும் பாதி எழுந்தது, முடிவில் மெல்ல மெல்ல விட்டது. பத்தொன்பது வருஷம் தையல் மெஷினுக்கு அடியில் நான் பார்த்த அதே கால். எனக்கு ஸ்டோரின் மேல்தட்டு ஞாபகம் வந்தது.

ஏனென்றால், ஒன்பது மாதத்துக்கு முன்னால் வெல்டிங் மெஷின்களோடு ஒரு பெட்டியில் பெடல் வந்திருந்தது. எவனோ மடையன் தையல் மெஷின் பெடலை மாற்றி அனுப்பிவிட்டான் என்று நினைத்து, 'திருப்பி அனுப்பவும்' என்று எழுதி மேல்தட்டில் போட்டேன். பெடல் வந்ததா என்று பயிற்சி கொடுக்கும் பையன் அன்றே கேட்டான். வெல்டிங்குக்கு எதுக்குப்பா பெடல், சட்டை தைக்கப் போறியா என்று கிண்டலடித்து அனுப்பியவனும் நானேதான். பெடல் வரவில்லை என்று நினைத்து அவன் கை ஸ்விட்சை வைத்தே சொல்லிக்கொடுத்தான்.

ஏணி போட்டு ஏறினேன். தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தேன். பயிற்சி கொடுக்கும் பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான், ஒயரை மாட்டினான். மிதித்தால் சூடு ஏறும், தளர்த்தினால் இறங்கும் என்றான். காலர் அதை முழுதாகக் கேட்டாளோ இல்லையோ, பெடலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நானும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அம்மாடி! கறுப்புக் கண்ணாடிக்குள்ளே ஒரு சொட்டு நெருப்பு, தையல் ஓடுகிற மாதிரி, சின்னச் சின்னதாய், ஒரே அளவாய், வளைவில் தயங்காமல் நகர்ந்தது. ஓட்டை விழவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மற்ற மெஷின்கள் நின்றன. வெல்டிங்கை நான் என்னமோ முரட்டு வேலை என்று நினைத்திருந்தேன். என் கண் கலங்கியதை ஹெல்மெட் காப்பாற்றியது.

மறுநாள் அதிகாரி அவள் பற்றவைத்த வளையத்தைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சீங்க?"

"தெரியக் கூடாது சார். தெரிஞ்சா காலரைப் பிரிச்சுத் தைக்கச் சொல்லுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கையுறையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மகளிடம் போனில் சொல்லிவிட்டாளாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெடல் ஒன்பது மாதமாக என் தலைக்கு மேலேயே கிடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"அப்போ முன்னாடி போனாங்களே ரெண்டு பேரு, அவங்க?"

வாய்ச்சவடால் அத்தனையும் எங்கே போனதோ. அவள் தன் போனை எடுத்து, அவர்களில் ஒருத்தியின் எண்ணைத் தேடி, என் மேஜையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணா. நான் இங்கயே நிக்கிறேன்."

இரண்டு பேரிடமும் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றாள்.