அப்புவைக் கூப்பிட்ட குரல்

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு வராது. இது போன ஜனவரியில், டெல்லி ஜனக்புரியில், பட்டப்பகலில் நடந்தது. மேதா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மேதாவுக்கும் அபிஷேக்குக்கும் ஒரே பிள்ளை, அப்பு. நான்கு கால், ஒரு வால். தெருநாய் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாசல் பெயர்ப்பலகையில் மூன்றாவது பெயர் அவனுடையது. கோவிலில் அவன் பெயருக்கு அர்ச்சனைகூட உண்டு. பிறந்த நட்சத்திரம் தெரியாததால், கிடைத்த நாளின் நட்சத்திரம், ரேவதி. குருக்கள் இரண்டு வருஷமாக மனிதக் குழந்தை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த அபிஷேக்கின் தமிழ் அரைகுறை. அதனால் கும்பகோணத்துக்காரி மேதா வாய் ஓயாமல் பேசியதெல்லாம் அப்புவிடம்தான். அவளுக்கு நாய் திருடர்கள் பயம் வேறு. "ஹிந்தில யார் கூப்பிட்டாலும் திரும்பியே பார்க்கப்படாது" என்று பழக்கியிருந்தாள். தமிழில் கூப்பிட்டால் அது அம்மாதான். இதைவிடப் பெரிய காவல் வேண்டாம் என்று பெருமையடித்துக்கொள்வாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அபிஷேக் பெங்களூரில். மேதா வீட்டைப் பூட்டிக்கொண்டு குருகிராம் அலுவலகத்துக்குப் போனாள். வெளியே மூடுபனி. பகல் 1:40க்கு, சாப்பிட்டுக்கொண்டே போனில் வீட்டுக் கேமராவைப் பார்த்தாள். ஹால் மட்டும்தான் அதில் தெரியும். அப்பு சோபாவில் சுருண்டு கிடந்தான்.

1:46. அவன் காது விறைத்தது. எழுந்து உட்கார்ந்தான். சமையலறைப் பக்கம் பார்த்தான்.

வால் ஆடியது. அவள் வீடு திரும்பும்போது மட்டும் ஆடுகிற மாதிரி, இடுப்போடு சேர்ந்து.

1:49. போனில் மெல்ல ஒரு குரல்.

"அப்புக் கண்ணா... வாடா."

அது மேதாவின் குரல். அவள் வாயே திறக்கவில்லை.

போனில் பேசும் பட்டனை அழுத்தினாள்; அழுத்திப் பேசினால் வீட்டுக் கேமராவில் கேட்கும். "அப்பு! போகாதே! அம்மா இங்க இருக்கேன்!"

அப்பு கேமராவைப் பார்த்தான். சமையலறையைப் பார்த்தான். மறுபடி கேமராவைப் பார்த்தான். பாவம், குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாடா... வெளில போலாம்."

எதிர் வீட்டு ருக்மிணி மாமிக்குப் போன் அடித்தாள். மாமி எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்... எடுக்கவில்லை. வீட்டுச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவள் பையில். இன்னொன்று பெங்களூரில்.

1:53. அப்பு சோபாவிலிருந்து குதித்தான்.

"வேண்டாம்டா... அப்பு... உட்கார்!"

படத்தின் ஓரத்தில் ஒரு துப்பட்டா நுனி. மஞ்சள்.

மேதா குனிந்து தன் தோளைப் பார்த்தாள்.

அதே மஞ்சள்.

1:54. சோபா காலி.

க்ளிக்... வாசல் கதவு.

மேதா பேசும் பட்டனை அழுத்தி, "போகாதே! போகாதே!" என்று கத்தினாள். போனைப் பிடித்தபடி, கத்திக்கொண்டே ஓடினாள்.

வீட்டுக்கு வந்தபோது 3:35. காலையில் போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது. அப்பு இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றுவரைக்கும் இல்லை.

எதிர்க் கதவு திறந்தது. மாமி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, நீ மட்டும் வரே? கொழந்தை எங்கே?"

"இப்பதான் மாமி ஆபீஸ்லேர்ந்து வரேன்..."

"அச்சா, ஜோக்கா? ரெண்டு மணிக்கு நீதானே அவனைக் கூட்டிண்டு போனே? இங்கே மாடிப்படிலதானே நின்னுண்டிருந்தேன். போன்கூட உள்ளே சார்ஜ்ல கெடந்தது." மாமி கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒண்ணு. அப்போ உங்காத்துக்குள்ளேர்ந்தும் உன் குரல் கேட்டுதே. போகாதே, போகாதேன்னு."

மேதா பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பு?"

"நின்னுட்டான். திரும்பித் திரும்பிப் பார்த்தான். வரவே மாட்டேன்னான். அப்புறம் நீ குனிஞ்சு ஏதோ சொன்னே. உடனே சமத்தா வந்துட்டான்."

"நான்... என்ன சொன்னேன் மாமி?"

"உள்ளே கத்தறது அம்மா இல்லடா கண்ணான்னு சொன்னே."