நீலத் தொட்டி

தையல் ஆலையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் பினாயில். மேல்மாடியில் நாங்கள் சட்டைக்குக் காலர் தைப்போம். கீழே ஒரே அறையில் எங்கள் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள். செருப்போடு உள்ளே வந்த மேற்பார்வையாளரே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்க வந்தவன் காலைக் கழுவாமல் வந்ததால்தான் இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அவளுடைய பெருமையெல்லாம் ஒரு நீலத் தொட்டி. குழாய் முற்றத்தின் கோடியில் இருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக அவளுக்கு மனம் வராது. காலையிலேயே தொட்டியை நிரப்பி, மூக்கைத் துளைக்கும் கிருமிநாசினியை ஊற்றி வைப்பாள். ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றியதும் கையை அதில் முக்குவாள். அதே தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, சாப்பாட்டுக்கு முன் எல்லாப் பிள்ளைகளின் கையையும் வாயையும் துடைத்துவிடுவாள்.

முதலில் பட்டன் தைப்பவளின் பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. அக்கா அவர்கள் வீட்டுப் பால் புட்டியைக் குறை சொன்னாள். தொட்டியில் மருந்தை இரட்டிப்பாக ஊற்றினாள், இன்னும் அடிக்கடி துடைத்தாள். பிறகு என் மகள் குட்டிக்கு வந்தது.

ஒன்றரை வயது. வாந்தி, தண்ணீராகப் போக்கு. மறுநாள் அழுதாள், கண்ணீர் வரவில்லை. கண் உள்ளே போயிருந்தது. அக்காதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

நர்ஸ் உப்புசர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் கொடுத்தார். "ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகணும். இல்லன்னா டிரிப்ஸ்தான். வேற பிள்ளைங்களுக்கும் இருக்கா?"

"மூணு பேருக்கு இருக்கு. ஆனா எங்க ரூம் படு சுத்தம்மா," என்ற அக்கா, தொட்டியையும் துண்டையும் பற்றி விலாவாரியாகச் சொன்னாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே தண்ணியா? ஒரே துண்டா?"

"ஆமா. மருந்து போட்ட தண்ணிதானே?"

"அய்யோ, இந்தக் கிருமிங்கள்ல பலது அதுக்கெல்லாம் சாகாதும்மா. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணில கழுவணும். ஒரு பிள்ளை வயித்துல இருந்ததை எல்லாப் பிள்ளை வாயிலயும் நீங்களே தடவிவிட்டிருக்கீங்க."

அக்கா தன் கைகளையே பார்த்தாள். எனக்கோ அவளை அறைய வேண்டும் போலிருந்தது. "எம் புள்ளைய..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஸ்பூனைத் தொடவில்லை. கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் ஊட்டினேன். குட்டி கக்கினாள். மறுபடி ஊட்டினேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. தொட்டுப் பார்த்தேன். சிறுநீர்தான்.

"அக்கா, ஒண்ணுக்குப் போயிட்டாக்கா!"

ஓடி வந்தாள். குட்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர். இரண்டு கையையும் நீட்டினாள். அக்கா பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம்டி. என் கையில குடுக்காத."

கோபம் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் அதைப் பார்க்கத் தாங்கவில்லை. "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து தூக்கு," என்றேன்.

போனாள். வெளியே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. குட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரைசல் தீர்ந்தது, குட்டியும் காத்திருந்து தூங்கிப்போனாள். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.