ஏணியின் சத்தம்

விலங்கியல் துறையில் அவளை ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர்களில் மாட்டிய மரப்பெட்டிகளில் அடைகாக்கும் மைனாக்களிடம் ஏறிப்போய் ரத்தம் எடுப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆனால் இறக்கை நரம்பில் ஊசி வைக்கும்போது அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

விதி ஒன்றுதான். பிடித்த மூன்று நிமிஷத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். தாண்டினால் பிடிபட்ட பயமே ரத்தத்தில் ஹார்மோனை ஏற்றிவிடும்.

அன்று துறைத்தலைவர் ரத்தப் பரிசோதனை முடிவுத் தாளை மேசையில் போட்டார். "ஜெனரேட்டர் பக்கத்துச் சுவர், தோட்டத்துச் சுவர், ரெண்டுலயும் பயத்து ஹார்மோன் ஒரே அளவு. இரைச்சலால ஒண்ணுமில்ல. ரெண்டாவது ஜெனரேட்டரைத் தோட்டத்துப் பக்கமே வைக்கலாம்னு நாளைக்கு நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்துடறேன்."

"முட்டையும் ஒரே அளவா சார்? தோட்டத்துல பெட்டிக்கு அஞ்சு, ஜெனரேட்டர்கிட்ட ரெண்டு."

"முட்டை வேற சொல்லுதுன்னா, ரத்தம் எடுக்கறதுல உன் கை மெதுவாயிருக்கும்மா. வயசாகுதில்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. "ரெண்டு நிமிஷம் தாண்டினதே இல்ல. சந்தேகம்னா வந்து நின்னு பாருங்க."

இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். கல்பாதையில் அவள் ஏணியை இழுத்தாள். கிறீச்சென்று அது அலறியது. பெட்டி இன்னும் எட்டத்தில் இருக்கும்போதே வாசலில் மைனாவின் தலை எட்டிப் பார்த்தது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. ஏணியக்கா நின்றுவிட்டாள்.

"சார், அது இப்பவே பயந்துடுச்சு. பறவையைப் பிடிச்சதுல இருந்துதானே நாம கடிகாரத்தை ஓட்டறோம்? ஜெனரேட்டர்கிட்ட இந்தச் சத்தம் எந்த மைனாவுக்கும் கேக்காது. அங்க ஹார்மோன் ஏறினது இரைச்சலால. இங்க ஏறினது என் ஏணியால."

சொன்னதும் அவளுக்கே முகம் சுண்டியது. பதினோரு வருஷம் இழுத்தது அவள்தான்.

துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிஞ்சா இத்தனை வருஷ ஆராய்ச்சியும் போச்சு. பேசாம இரு."

"போகட்டும் சார். தப்பு நம்மது, தண்டனை அதுங்களுக்கா?"

"கடிதம் நாளைக்குப் போகுது."

"தாராளமா அனுப்புங்க. ஒவ்வொரு சாம்பிள்லயும் என் கையெழுத்து இருக்கு. அத்தனையும் தப்புன்னு நானும் ஒரு கடிதம் எழுதறேன். ரெண்டும் ஒண்ணாப் போகட்டும்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். "ஒரு வாரம் தர்றேன், நிரூபிச்சுக் காட்டு. அவ்வளவுதான்."

கட்டட வேலைக்காரர்களிடம் கெஞ்சியும் அதட்டியும் ஏணிகள் வாங்கினாள். இரண்டு சுவரிலும் பெட்டிக்கு ஒன்றாகச் சாத்திவைத்து அப்படியே விட்டாள். மூன்றாம் நாள் ஒரு மைனா ஏணிப்படியிலேயே உட்கார்ந்து இறகு கோதியது. ஏழாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒன்றரை நிமிஷத்தில் ரத்தம் குழாயில் இருந்தது.

ஜெனரேட்டர் பக்கம் ஹார்மோன் பழைய அளவேதான். தோட்டத்துப் பக்கம் பாதிகூட இல்லை.

துறைத்தலைவர் புது முடிவுத் தாளை இரண்டு முறை படித்தார். "சரி, தோட்டம் வேண்டாம்னு எழுதறேன். ஆனா இந்த ஏணிக் கதையை எழுதித்தான் ஆகணுமா?"

"முதல் வரியே அதுதான் சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எழுதுங்க, பார்க்கறேன்."