பாப்பாவுக்குப் பால் ஊத்தியாச்சு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போட்ட சத்தத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏஞ்சலின் அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள். ஜேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். உங்கள் அம்மா, "கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். கிறிஸ்மஸுக்குக் குடில் பொம்மை செய்துகொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து போத்தலைப் பிடுங்கி வெளியே வைக்கிற தகப்பனை வேறு எப்படிக் கேட்பது?

வாயால் சொன்னால் நடுவில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்குப் பத்துக்கு நாலு வாங்கிய ஆள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஞ்சலின் அந்தப் போத்தலைத் திறந்தபோதே என் மூக்கு விழித்துக்கொண்டது. மேலே ஆங்கிலத்தில் என்னவோ அழகாக எழுதியிருந்தது. உள்ளே இருந்தது எனக்குத் தெரிந்த சாமான்தான், ரப்பர் பால். அது உறைந்து போகாமல் இருக்க அமோனியா கலந்திருப்பார்கள். கண்ணைக் கரிக்கிற அந்த வாடை, ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் பால் ஸ்டோர் வாடை. அப்பாவின் சட்டையிலும் அதே வாடை இருக்கும். கட்டிப்பிடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். பாசத்தில் அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொள்வார், நானும் திருத்தியதில்லை.

வாடைக்காக நான் கத்தவில்லை. அச்சில் ஊற்றி முடித்துவிட்டுச் சமையலறையிலிருந்து நீ கூவினாயே, ஏஞ்சலின், "அப்பா, பாப்பாவுக்குப் பால் ஊத்தியாச்சு லா!" என்று, அதற்குத்தான்.

அந்த வார்த்தையை முதன்முதலில் அப்படிக் கூவியவன் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

தோட்டத்தில் கிறிஸ்மஸ் ஜோடனை எதையும் கடையில் வாங்க மாட்டோம். இருந்ததை வைத்துச் செய்வோம். ரப்பர் கொட்டைக்குத் தீக்குச்சிக் கால் வைத்தால் ஆடு. புள்ளி புள்ளியாக இருக்கும் அந்தக் கொட்டையைப் பெத்லகேமில் யாரும் ஆடு என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், எங்கள் குடிலில் ஒத்துக்கொண்டார்கள். பால் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே மெழுகுவர்த்தி வைத்தால் விளக்கு. குடிலுக்கு மேலே பறக்கிற சம்மனசுகளுக்கு இறக்கை செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. ரப்பர் இலையைப் பழைய வாளியில் மூன்று நான்கு வாரம் அழுக விட வேண்டும். சதையெல்லாம் கரைந்து நரம்பு மட்டும் நிற்கும். அதை எடுத்துக் கழுவிக் காயவைத்தால் சிலந்தி நெய்தது மாதிரி இருக்கும். வாளியில் கைவிட்டு இலையை வெளியே எடுக்கும்போது வருகிற நாற்றத்துக்கும் சம்மனசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இறக்கையும் ஆடும் தயாரான அந்த வருடம் பாலன் மட்டும் இல்லை. பழைய பொம்மையை எலி கடித்துவிட்டது. என் அக்கா லூர்து, இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறாளே, உங்கள் அத்தை, அவள்தான் சொன்னாள்: "நம்ம பாப்பா மாதிரியே ஒரு ஏசு பாப்பா செய்வோம்டா."

நம்ம பாப்பா என்றால் உங்கள் சித்தப்பா. இன்றைக்கு மீசையும் தொந்தியுமாக லோரி ஓட்டுகிற அவனை ஏன் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிறோம் என்று ஜேசன் ஒருமுறை கேட்டான். நான் பேச்சை மாற்றினேன்.

அந்த டிசம்பரில் அவன் மாதம் நிறையாமல் பிறந்திருந்தான். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாப்பாவை அனுப்பவில்லை. பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடாததால் நானும் அக்காவும் அவனைப் பார்த்ததே கிடையாது. அம்மா தினமும் தாய்ப்பாலைப் பிழிந்து ஒரு சின்னப் போத்தலில் வைப்பாள். அப்பா வேலை முடித்து, அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

அக்கா ஆற்றங்கரைக் களிமண்ணில் அச்சுச் செய்ய உட்கார்ந்தாள். அம்மா கட்டிலில் படுத்தபடி முகத்தைச் சொன்னாள்.

"மூக்கு சப்பை. உங்கப்பா மாதிரி."

"நெத்தி?"

"நெத்தியில ஒரு சுருக்கம். கெழவன் மாதிரி யோசிச்சிக்கிட்டே இருக்கான். கை மூடித்தான் இருக்கும். கட்ட வெரல உள்ள வச்சி மூடியிருப்பான்."

அக்கா கரண்டிக் காம்பாலும் தீக்குச்சியாலும் அதை அப்படியே குடைந்தாள். அச்சு என்பதால் முகம் குழியாக, உள்பக்கமாகத்தானே இருக்கும்? ஆனால் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் அந்தக் குழி முகம் மேடாகத் தெரியும். நான் நகர்ந்தால் என் பக்கமே திரும்பும். அதைத் துணி போட்டு மூடி வைக்கச் சொன்னவன் நான்தான்.

ரப்பர் பால் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. மழை விடவில்லை. மழை நாளில் மரம் வெட்ட மாட்டார்கள், பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். ஒருவழியாக ஒரு நாள் காலை வெளுத்தது. அப்பா ஒரு டின்னில் கொஞ்சம் பால் கொண்டுவந்து, ஜன்னலில் அம்மாவின் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வெள்ளை.

"ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க," என்றாள் அம்மா. "எனக்கு என்னமோ பண்ணுது." நான் டின்னை எடுத்துக் கீழே வைத்தேன்.

அப்பா போத்தலோடு ஈப்போவுக்குப் போனார். சாயங்காலம் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அப்பா வருகிற நேரம் தாண்டிவிட்டது. அம்மா முன்வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மாரியக்கா துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், கூரைக்கடியில், நானும் அக்காவும் ரப்பர் பாலில், அது உறைவதற்காகக் கொஞ்சம் காடி விட்டுக் கலக்கி அச்சில் ஊற்றினோம். அச்சு நிறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். முன்பக்கம் ஓடி வந்து கத்தினேன்.

"அம்மா! பாப்பாவுக்குப் பால் ஊத்தியாச்சு!"

இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பால் என்றால் பெட்டியில் வருகிற பால். எங்களுக்கு மரத்தில் வருவதும் பால்தான். அதனால் நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் ஆட்களில் ஒருவரை அடக்கம் செய்தால், மறுநாள் குழியில் பால் ஊற்றுவார்கள். மாதா கோவிலுக்குப் போகிற நாங்களும் சாமியார் பார்க்காத நேரத்தில் ஊற்றிவிட்டு வருவோம். ஒருவருக்குப் "பால் ஊத்தியாச்சு" என்றால் அவர் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் சத்தம் கேட்டது.

அது அப்பா. மழைக்குக் குறுக்குப் பாதையில் வந்து, சேற்றில் விழுந்து, வீட்டுக்குள் வருமுன் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். சேற்றுக்காகத்தான் குளிக்கிறார் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இடுகாட்டிலிருந்து வருகிறவர்கள்தானே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார்கள்?

"அண்ணே வெளியிலயே குளிக்கிறாருடி," என்றார் மாரியக்கா மெதுவாக. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு வீறிட்டார். "அய்யோ எஞ்சாமி! மொகத்தக்கூட காட்டாம பொதச்சிட்டாங்களே!"

லயத்து வீட்டு வரிசையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நனைந்துகொண்டே பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. அவள் சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து தானாக நனைந்துகொண்டிருந்தது.

ஈரத் துண்டோடு அப்பா வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது பிள்ளை உயிரோடுதான் இருந்தான். கிளம்பிய பிறகு தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். "எப்பப் போனான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரே உட்கார்ந்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? ஆளுக்கு ஆள் அடுத்தவரைப் பார்த்து நம்பினார்கள். முதலில் சொன்னது யார் என்று யாருமே கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. என் தம்பி செத்துவிட்டான் என்று நானும் நம்பி அழுதேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

அக்காதான் அச்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்பக்கமிருந்து வந்து நின்றாள். "ஏன் எல்லாரும் அழுவுறீங்க? ரப்பர் பாப்பாவுக்குத்தானே பால் ஊத்தினோம்?"

அழுகை பட்டென்று நின்றது. கூரையில் மழை மட்டும் விழுந்தது. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். "வாயக் கழுவுடா," என்று மாரியக்கா என் தலையில் ஒன்று வைத்தார். ஆனால் பிள்ளை இருக்கிறானா என்று நிச்சயமாகக் கேட்டுக்கொள்ள வழியில்லை. மழையில் ஆபீஸ் போன் செத்துக் கிடந்தது. மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

காலையில் அம்மா அச்சைப் பிரிக்கச் சொன்னாள். முட்டை வெள்ளை மாதிரி, சில்லென்று, கொழகொழவென்று ஒரு பிள்ளை வெளியே வந்தது. சப்பை மூக்கு. நெற்றியில் சுருக்கம். மூடிய கைக்குள் கட்டைவிரல். இடது காதுக்குக் கீழே காற்றுக் குமிழி உடைந்து ஒரு சின்னக் குழி. அக்கா அதைத் தூக்கியதும் அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உறைந்த ரப்பர் அப்படித்தான் தண்ணீர் விடும், எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பின்னால் நகர்ந்தேன்.

"குழி வெட்டுங்க," என்றாள் அம்மா.

"எதுக்கு?" என்றார் அப்பா.

"வாய விட்டாச்சு. ஊரே கூடி அழுதாச்சு. அழுத அழுகை சும்மா திரும்பிப் போவாது. இதக் கொண்டுபோய்ப் பொதைங்க."

"ஏய், அது ஏசு பாப்பாடி. பாவம் இல்லியா?"

"அவரு மூணாம் நாள் எழுந்து வந்துருவாரு. எம்புள்ள வருவானா?"

அப்பா மண்வெட்டியைத் தேடப் போனார். பாப்பாவுக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அம்மா அதற்குப் போட்டாள். லயத்துக்குப் பின்னால் பழைய மரங்கள் நின்ற ஓரத்தில் அப்பா குழி வெட்டினார். அன்றைக்குப் பிழிந்து எடுத்த பாலை அம்மா முழுசாக அதன்மேல் ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்கு அப்பா வெறுங்கையோடு போனார்.

திரும்பி வந்து சொன்னார்: "இருக்கான். நேத்து சாயங்காலத்துல இருந்து தானாவே உறிஞ்சிக் குடிக்கிறானாம். நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க." எந்த நேரத்திலிருந்து என்று அம்மா கேட்கவில்லை.

இனி சொல்வது உங்கள் பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது, அத்தைக்கும் தெரியாது. இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் எழுந்து வருவார் என்று அம்மா சொன்னாளா? எனக்கு அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தனியாகப் போய்ப் பார்த்தேன். குழி திறந்திருந்தது. சட்டை மட்டும் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நாய் இழுத்துப் போயிருக்கும். புது ரப்பரின் புளிப்பு வாடைக்கு நாய் வரும், காட்டுப்பன்றியும் வரும். இன்றைக்கு அப்படித்தான் நினைக்கிறேன். அன்றைக்குச் சட்டையை உள்ளே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன். கிறிஸ்மஸுக்குப் பாட்டுப் பாட வந்தவர்கள் எங்கள் குடிலைப் பார்த்து, "பாலன் எங்க?" என்று கேட்டார்கள். "தூங்குறான்," என்றாள் அம்மா. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாப்பா வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை என் மடியில் வைத்தாள். சப்பை மூக்கு. நெற்றியில் சுருக்கம். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கை. இடது காதுக்குக் கீழே ஒரு சின்னக் குழி. "ஊசி போட்ட எடம்," என்றார் அப்பா. காதுக்குக் கீழே ஊசி போடுவார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா அந்தப் பக்கம் போனதும் அவன் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது. பிறகு சிவந்தது. பிறகு வீறிட்டு அழுதான். ரப்பர் சிவக்காது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவனுக்குக் கோவிலில் சூசை என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அம்மா விடவில்லை. "பாப்பான்னே கூப்புடுங்க. பாப்பா இருக்கான்னு தெரியட்டும்," என்பாள். யாருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லமாட்டாள். நம் வீட்டுக் குடிலில் பாலனைக் கிடத்துகிற தீவனத் தொட்டி இன்றுவரை காலியாக இருப்பதும் அவள் வைத்த வழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலினைத் திட்டிவிட்டு நான் வெளியே போய் போன் பண்ணியது அவனுக்குத்தான். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தான்.

"என்னாண்ணே? ஓட்டிக்கிட்டு இருக்கேன் லா."

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"இதக் கேக்கவா நாலு தடவ?" என்று சிரித்தான்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையைத் தள்ளித் தாமான் என்று வரிசை வீடுகள் கட்டினார்கள். பழைய மரங்கள் நின்ற ஓரத்தில் யாரோ ஒருவர் கார் நிறுத்துகிறார். மாரியக்கா போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், இருவருக்கும் நானே பால் ஊற்றினேன். அத்தை எல்லாவற்றையும் சிரிப்புக் கதையாக மாற்றி வைத்துக்கொண்டுவிட்டாள். உங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. இதை அவனிடம் காட்டாதீர்கள்.

ஏஞ்சலின், நீ ஊற்றிய பொம்மை அச்சோடு அலமாரி மேல் இருக்கிறது. நான் திறந்து பார்க்கவில்லை. நீயே திற, குடிலில் வை. தொட்டி காலியாக இருந்தது போதும். ஆனால் அடுத்த முறை ஊற்றி முடித்தால், "பொம்ம ரெடி" என்று மட்டும் சொல்லு. நீ சொன்ன அந்த வார்த்தைக்குள் ஒரு வீடே அழுததைக் கேட்கிற காது இன்னும் ஒன்று இங்கே இருக்கிறது. அதுவும் போன பிறகு எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அப்போது அது வெறும் பால்தான்.